லீலாபாயின் இடது காது

எங்கள் தெருவில் லீலாபாயைப் போல ஆரோக்கியமான பெண்பிள்ளை கிடையாது. அவளைப் போல நோய் கண்டவளும் கிடையாது. இரண்டும் உண்மைதான். முதலாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், இரண்டாவதை மைக்கில் கேட்டிருக்கிறேன்.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். மதிலில் ஒரு கல் விழுந்து வருஷக்கணக்காகிறது. அதை எடுத்துத் திரும்ப வைக்கவேண்டுமென்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியதில்லை. அந்த ஓட்டை வழியாக நான் கண்டது இது: அறுபது தாண்டிய பெண், விடிந்தும் விடியாமலும் மாடியேறித் தேங்காய் காயப்போடுகிறாள். மரச்சீனிக் கிழங்கு மூட்டையை ஒற்றை ஆளாக இறக்கி வைக்கிறாள். தக்கலைச் சந்தைக்கு நடந்தே போய் நடந்தே வருகிறாள். அவள் தும்மிக்கூட நான் பார்த்ததில்லை.

அவள் போகிற கிறிஸ்தவ சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் கதை வேறு. சாட்சி என்றால், கடவுள் எனக்கு இன்ன நன்மை செய்தார் என்று எல்லார் முன்பும் நின்று சொல்வது. நான் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். இருந்தாலும் சபையின் ஒலிபெருக்கி என் அடுக்களை ஜன்னலைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அதில் கேட்டுக் கேட்டு ஒன்றைப் புரிந்துகொண்டேன். நன்மை பெரிதாகத் தெரியவேண்டுமென்றால் அதற்கு முந்திய நோயும் பெரிதாக இருக்கவேண்டும். சளிப்பிடித்ததிலிருந்து விடுவித்தார் என்று சொன்னால் கடவுளுக்கு அதில் என்ன மரியாதை?

ஒரு சக்கைக் காலத்தில் லீலாபாய் பலாச்சுளையை அளவு தெரியாமல் தின்று வாயு பிடித்துக் கிடந்தாள். நான்தான் சுக்குத் தண்ணீர் வைத்து மதில் வழியாகக் கொடுத்தேன். குடித்தாள், பெரிதாக ஓர் ஏப்பம் விட்டாள், எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அது நெஞ்சுவலி ஆயிற்று. அடுத்த வருஷம் மாரடைப்பு. அதற்கடுத்த வருஷம் டாக்டர்கள் கைவிட்டார்கள். போன வருஷம் வெள்ளைத்துணி போர்த்தி முடித்து, பந்தலுக்கும் ஆள் சொல்லிவிட்டிருந்தார்கள். சுக்குத் தண்ணீரைப் பற்றி மட்டும் எந்த வருஷமும் ஒரு வார்த்தை வரவில்லை. பரவாயில்லை, நான் அதற்காகவா கொடுத்தேன்?

இதெல்லாம் யாருக்கும் தொந்தரவில்லாமல் நடந்துவந்தது. அதற்குள் அவள் மகள் பெமிலா ஜெர்மனியில் உண்டானாள்.

பெமிலா அங்கே நர்ஸ். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டான பிள்ளை. பேறுகாலத்துக்கு அம்மா வந்தே தீரவேண்டுமென்று வீடியோவில் அழுதாள். அப்பாவும் வரட்டும் என்றாள். விசா வேண்டும்; விசாவுக்கு இன்சூரன்ஸ் வேண்டும். ஜெர்மனிக்காரன் கணக்கு நேரானது: நீ எங்கள் ஊரில் வந்து நோயில் விழுந்தால் செலவை உன் ஊர்க் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று எழுதி வாங்கிவா, கதவைத் திறக்கிறேன்.

எழுதிக் கொடுக்க முருகதாஸ் வந்தான். மொபைல் கடையும் வைத்திருக்கிறான், நித்தியநிழல் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏஜெண்டாகவும் இருக்கிறான். ராஜா வாழ்ந்த பத்மநாபபுரம் கொட்டாரத்தைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் அறை அறையாகக் கூட்டிப்போவார்களே, அதுபோல அவன் திட்டம் திட்டமாகக் கூட்டிப்போனான். எல்லாவற்றையும் பார்க்கலாம். எதையும் தொட முடியாது.

"மாமி, இதுல சில்வர், கோல்டு, டைமண்டுன்னு மூணு உண்டு. டைமண்டுக்கு மேல ஒண்ணு வரப்போவுது. வந்தா ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்."

"காய்ச்சல் வந்தா என்ன தருவாவ? அதச் சொல்லுலே" என்றாள் லீலாபாய்.

"காய்ச்சலுக்குப் பொறவு வருவோம். மொதல்ல பெனிபிட்டக் கேளுங்க. பிளேனக் கடத்திட்டானுவன்னு வச்சிக்கிடுங்க. மணிக்கு இவ்வளவுன்னு துட்டு."

"யாருக்கு? கடத்துனவனுக்கா?"

"ஒங்களுக்கு மாமி!"

"அப்பம் கொஞ்சம் பைய கடத்தச் சொல்லணும்" என்றேன் நான். மதிலுக்கு இந்தப் பக்கமிருந்துதான்.

முருகதாஸ் என்னைப் பார்க்காததுபோல் தொடர்ந்தான். "பின்னே, கோல்ப் வெளையாடும்போ ஒரே அடியில பந்து குழியில விழுந்திட்டுன்னா, கூட்டாளிமாருக்கு நீங்க வைக்கிற பார்ட்டிச் செலவு மொத்தமும் கம்பெனி தரும்."

"பேறுகாலம் பாக்கப் போறவளுக்கு எதுக்குலே பந்தும் குழியும்?"

"அது ப்ரீ மாமி. பொறவு, செத்துப்போனா பாடிய பிளேன்ல ஏத்தி, வீட்டு முத்தத்துல கொண்டு எறக்கித் தருவாவ."

"சாவாம, சொகமில்லாம வரணும்னா?"

முருகதாஸ் தாளை அப்படியும் இப்படியும் திருப்பினான். "அது டைமண்டுல இல்ல" என்றான்.

லீலாபாயின் கணவர் சத்தியநேசன் இவ்வளவு நேரமும் நாற்காலியில் இருந்தார். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் பங்குப் பேச்சையெல்லாம் ஹாரனிலேயே பேசித் தீர்த்துவிட்டார் என்பது என் எண்ணம். கேட்டதற்கு ‘ம்’ சொல்வார், கேட்காததற்கு அதுவும் கிடையாது. நிஜமான நோயெல்லாம் அவருக்குத்தான். சர்க்கரை, பிரஷர், இதயத்தில் ஸ்டென்ட். சட்டைப்பையில் மாத்திரைகள் எப்போதும் இருக்கும். அவர் நடந்துவந்தால் பாயசத்துக்கு வறுத்த பயறு குலுங்குவது போலக் கேட்கும்.

பணம் கட்டியதும் கம்பெனியிலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வந்தது. முதலில் அவருக்கு. ஸ்பீக்கரில் சென்னையிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல்.

"சார், உங்களுக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் எதுவும் இல்லை. சரியா சார்?"

"ம்" என்றார் சத்தியநேசன். பையில் மாத்திரை ஒருமுறை குலுங்கியது.

"நன்றி சார். உங்கள் பயணம் இனிதாகட்டும்."

அவர் போனைத் திரும்பப் பையில் போடுவதற்குள் பாலிசி அதில் வந்து இறங்கியது.

அடுத்து லீலாபாய்.

"மேடம், உங்களுக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் எதுவும் இல்லை. சரியா மேடம்?"

"அது எப்பிடி மக்களே இல்லேன்னு சொல்லுகது?" என்றாள் லீலாபாய். "தேவன் செஞ்ச நன்மைய மறைக்கலாமா?"

சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டாள். எழுந்து நின்றாள். அது சாட்சி சொல்லும் நிற்பு. முருகதாஸுக்கும் புரிந்துவிட்டது, ஆரல்வாய்மொழிக் காற்றாலை மாதிரி இரண்டு கையையும் சுழற்றினான். நான் மதில் ஓட்டையில் தலையை விட்டு, "ஏட்டி, இது சபை இல்லட்டி! ‘ம்’ன்னு சொல்லுட்டி!" என்று கத்தினேன். நான் சொல்லி அவள் என்றைக்குக் கேட்டாள்?

மாரடைப்பில் தொடங்கினாள். வெள்ளைத்துணி வந்தது. கிணற்றில் வழுக்கி விழுந்தபோது முறிந்ததாக நாங்கள் யாரும் அறிந்திராத முதுகெலும்பு வந்தது. சபையின் கன்வென்ஷன் கூட்டச் சமயத்தில் மங்கிப்போன கண், சிறுநீரகத்தில் நெல்லிக்காய் அளவுக் கல், அந்தக் கல் கரைந்து போன இரவு. நடுவில் அந்தப் பெண்பிள்ளை, "சரி மேடம், சரி மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்புறம் மேடம்?" என்றாள். கடைசியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மேடம், எனக்கு இந்த மாசம் டார்கெட் முடியல. ஜெபத்துல நினைச்சுக்கோங்க மேடம்."

"நெனச்சிக்கிடுகேன் மக்களே. ஒன் பேரென்ன?"

இந்த அழைப்பு தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். தரத்தில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலையில், லீலாபாய்க்குப் பாலிசி மறுக்கப்பட்டது என்று செய்தி வந்தது.

"போட்டும், வேற கம்பெனியில எடுப்போம்" என்றேன்.

முருகதாஸ் தலையில் கைவைத்தான். "எல்லாக் கம்பெனியும் மொதல்ல கேக்கது, ‘வேற எவனாவது ஒங்கள வேண்டாம்னு சொல்லியிருக்கானா’ன்னு தான் மாமி. இனி ஆரும் தொட மாட்டாவ."

பெமிலா வீடியோவில் வந்தாள். "ஓணம் கழிஞ்சா எனக்கு டேட்டும்மா. அவருக்கு நைட் டூட்டி. இங்க நல்லாத்தான் பாப்பாவ, ஆனா எல்லாத்தையும் ஜெர்மன்ல பாப்பாவ. வலிக்கும்போ நான் யாரும்மா கூப்பிட?"

லீலாபாய் அழவில்லை. மறுநாள் மாடியில் தேங்காய் காயவில்லை. அப்போதுதான் எனக்கே பயம் வந்தது.

கம்பெனியின் நாகர்கோவில் கிளைக்கு நேரில் போவதென்று முடிவாயிற்று. முருகதாஸ் கூட்டிப்போனான், துணைக்கு நானும் போனேன். துணைக்குத்தான், வேறொன்றுக்குமில்லை.

கிளை மேலாளர் ஆனந்தபத்மநாபன் நெற்றியில் சந்தனமும் முகத்தில் புன்னகையுமாக இருந்தார். அவர் தலைக்குமேல், ‘உங்கள் கவலை இனி எங்களுடையது’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே, ‘அழைக்கும்வரை உட்காரக் கூடாது’ என்று சிறிதாக எழுதியிருந்தது.

"வாருங்கள், வாருங்கள். உங்களை எனக்கு நன்றாகத் தெரியும்" என்றார் லீலாபாயைப் பார்த்து. கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சபையின் யூடியூப் சேனல். லீலாபாய் தலையில் சேலைத் தலைப்போடு, கையில் மைக்கோடு நின்றாள். "எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். அலுவலக நேரத்தில் முடியவில்லை, வீட்டிலும் போட்டுப் பார்த்தேன். அந்தக் கிணற்றுச் சாட்சிக்கு என் மனைவி அழுதுவிட்டாள். இப்போது நாங்கள் இருவரும் சந்தாதாரர்கள்."

லீலாபாய் கொஞ்சம் நாணினாள்.

"ஆனால் அம்மா, எங்கள் கணக்கின்படி நீங்கள் இரண்டு தடவை இறந்திருக்கிறீர்கள். இறந்தவர்களுக்குப் பயணக் காப்பீடு வழங்கும் திட்டம் தற்போது எங்களிடம் இல்லை."

"சார், எனக்கு ஒரு சீக்கும் கெடையாது."

"அதை இந்த வீடியோவில் இருக்கிற அம்மாவிடம் சொல்லுங்கள்." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பொதுமக்கள் எங்களைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நோய் வருமோ என்று பயப்படுகிறவர்களுக்காகத்தான் நாங்கள் இருக்கிறோம். நோய் வந்துவிட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடக் கூடாதல்லவா? சென்ற ஆண்டு எங்கள் கிளைக்கு விருது கிடைத்தது. ஏன்? ஒரு ரூபாய்கூட நாங்கள் இழப்பீடு கொடுக்கவில்லை. இவ்வளவு ஆரோக்கியமான மாவட்டமா என்று மேலிடத்தில் வியந்தார்கள். கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களை நோயாளிகளென்று நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. நம் மாவட்டத்தின் பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?"

எனக்கே கைதட்டிவிடலாமா என்று தோன்றியது.

"சார்" என்றாள் லீலாபாய், "அது சாட்சி. இது சீக்கு. ரெண்டும் ஒண்ணாவுமா?"

"நல்ல கேள்வி. அப்படியானால் சாட்சி பொய் என்று இங்கேயே சொல்லிவிடுங்கள். கோப்பை முடித்துவிடலாம்."

ஒரு வார்த்தைதான். சொன்னால் ஜெர்மனி. நான் அவள் இடுப்பில் கிள்ளினேன். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"தேவன் செஞ்சதப் பொய்யின்னு சொல்ல எனக்கு ஒக்காது. வாயு பிடிச்சது நெசம். விட்டதும் நெசம். நடுவில கொஞ்சம்... கூடிப்போச்சி."

"எவ்வளவு கூடிற்று? சதவீதத்தில் சொல்லுங்கள்" என்று மேலாளர் பேனாவைத் திறந்தார்.

அவளுக்குச் சதவீதம் தெரியவில்லை. மருத்துவப் பரிசோதனை செய்துவரச் சொன்னார். தக்கலை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டினார்கள், ஓடும் மெஷினில் ஏற்றி ஓடச் சொன்னார்கள். ஓடிக்கொண்டே, "கறண்டு பில்லு இவியளே கட்டுவாவளா?" என்று என்னிடம் கேட்டாள். மூச்சு வாங்கவில்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன சாப்பிடுவீங்கம்மா?" என்று கேட்டு, சொன்னதைத் தனக்காகக் குறித்துக்கொண்டார்.

அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் நாகர்கோவில். இந்தத் தடவை சபைப் பாஸ்டர் எட்சனும் கூட வந்தார். சின்ன வயசு. யூடியூப் சேனல் அவர் பொறுப்பு. மேலாளர் ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்த வயதில் இவ்வளவு நல்ல ரிப்போர்ட் சந்தேகத்துக்குரியது. நோயே இல்லையென்றால் சாட்சி பொய். பொய் சொன்னவருக்குப் பாலிசி கிடையாது. சாட்சி மெய்யென்றால் நோய் உண்டு. நோயுள்ளவருக்கும் கிடையாது. எந்த வகையில் மறுக்கவேண்டும் என்பதில் எங்களுக்குப் பிடிவாதம் இல்லை. உங்கள் விருப்பம்தான்."

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சார், சாட்சி மெய்தான். நோய் இருந்துச்சு, பூரண சுகமாயிடுச்சு. அந்த வீடியோவுக்குத்தான் சேனல்ல நல்ல வியூஸ்."

"பூரண சுகம். நல்லது. குணப்படுத்திய மருத்துவர் பெயர், பதிவு எண்?"

பாஸ்டர் விரலை மேலே காட்டினார். மேலாளரும் அண்ணாந்து பார்த்தார். பிறகு கிளார்க்கிடம், "மருத்துவர் மேல்தளத்தில் இருக்கிறார், பதிவு எண் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

லீலாபாய் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து என் கையைப் பிடித்தாள். "போவோம் சொர்ணம். எம் பிள்ளைக்குப் பேறுகாலம் ஜெர்மன்லயே நடக்கட்டும்." குரல் நடுங்கியது. கிணற்றுச் சாட்சியில்கூட அவள் குரல் இப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

முருகதாஸ் அப்போது வாயைத் திறந்தான். கமிஷன் போகிறதே என்ற வயிற்றெரிச்சலாக இருந்தாலும் இருக்கலாம். நான் நல்லதாகவே நினைக்கிறேன்.

"சார், மறுக்காண்டாம். வெலக்கிருங்க. எதுக்கெல்லாம் சாட்சி சொல்லியிருக்காவளோ, அதெல்லாம் பாலிசியில சேராதுன்னு எழுதிருங்க. மிச்சம் இருக்கதுக்குக் கவர் குடுங்க."

ஆனந்தபத்மநாபனின் முகம் மலர்ந்தது. பொருளை வைத்துக்கொண்டு விலையை மட்டும் வாங்கிக்கொள்ளச் சொன்னால் யார் முகம்தான் மலராது?

"விலக்குவதென்றால் எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. அதுதான் எங்கள் துறையே."

அன்று பிற்பகல் முழுவதும் நித்தியநிழல் கிளையில் சாட்சிதான் ஓடியது. சேனலைத் தொடக்கத்திலிருந்து போட்டார்கள். பணம் கட்ட வந்தவர்களும் நின்று பார்த்தார்கள். லீலாபாய் திரையில் ஒன்றைச் சொல்லச் சொல்ல, மேலாளர் இங்கே அதை விலக்கிக்கொண்டே வந்தார்.

"இதயம், விலக்கு. நுரையீரல், விலக்கு. முதுகெலும்பு, கண் இரண்டும், முழங்கால்... அம்மா, எந்த முழங்கால்?"

"அந்த வருஷம் வலது. அடுத்த வருஷம் ரெண்டும்."

"இரண்டும் விலக்கு. வலது காது?"

"வண்டு கேறிப் போச்சி சார். அது ஒரு பெரிய சாட்சி."

"விலக்கு. இடது காது?"

லீலாபாய் யோசித்தாள். பாஸ்டர் யோசித்தார். நான் நெஞ்சுக்குள் மாரியம்மனைக் கூப்பிட்டேன். மேலாளர் இன்னும் இரண்டு வீடியோ தேடிப் பார்த்தார். அதில் இடுப்பு கிடைத்தது, காது கிடைக்கவில்லை.

"இடது காது பற்றிச் சாட்சி இல்லை" என்றார், ஒரு வேலையை அரைகுறையாக விட நேர்ந்தவர்போல. "அது காப்பீட்டுக்கு உட்பட்டது. பிறகு விமானக் கடத்தல், கோல்ஃப், சடலம் திரும்பக் கொண்டுவருதல். இவை அனைவருக்கும் பொது."

முழுத் தொகைக்கும் பாலிசி வந்தது. முழுத் தொகையும் ஒரு காதுக்கு. ஊரில் எந்த நகைக்கடைக்காரன் பெண்டாட்டியின் காதுக்கும் அந்த மதிப்பு கிடையாது என்று நான் சொன்னேன். லீலாபாய் சிரித்தாள். மறுநாள் மாடியில் தேங்காய் காய்ந்தது.

விசா ஆபீஸில் என்ன கேட்பார்களோ என்று எல்லாருக்கும் உதறல். அங்கிருந்தவர் பாலிசியில் தொகை இருக்கிறதா பார்த்தார், முத்திரை இருக்கிறதா பார்த்தார், அடுத்தவரைக் கூப்பிட்டார். விலக்குகளை எழுதிய பக்கங்களை அவர் திருப்பவே இல்லை. இத்தனை நாள் எந்தத் தாளுக்காகச் செத்துப் பிழைத்தாளோ, அதைப் படிக்கிற ஆள் உலகத்தில் ஆனந்தபத்மநாபன் ஒருவர்தான் போலிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் பிளேன் ஏற்றிவிட்டு வந்தோம். பெட்டி நிறையச் சக்கை வற்றலும் மிளகுப் பொடியும். சத்தியநேசன் சட்டைப்பை குலுங்கக் குலுங்க உள்ளே போனார்.

போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. "சொர்ணம், பிளேன் எறங்கும்போ வலது காது அடச்சிப் போச்சிட்டி. ஒண்ணும் கேக்கல. கம்பெனிக்கு விளிச்சேன். எந்தக் காதுன்னு கேட்டா. வலதுன்னேன். அந்தக் காதுக்கு அனுதாபம் மட்டுந்தான் மேடம்னு சொல்லிட்டா. அதே பிள்ளதான், டார்கெட் முடிஞ்சிட்டாம்."

ஓணம் கழிந்த வாரம் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். வலி கண்ட நேரமெல்லாம் பெமிலா தமிழில் கூப்பிட்டாளாம், அம்மா பக்கத்தில் நின்று தமிழில் பதில் சொன்னாளாம். அதை என்னிடம் சொல்லும்போது லீலாபாய் மிகையொன்றும் சேர்க்கவில்லை. ஆனால் அடுத்தாற்போல் ஒன்று சொன்னாள்.

"பிள்ள மொதல்ல அழுத சத்தம் எனக்கு எந்தக் காதில கேட்டுதுன்னு நெனைக்க? வலதுதான் அடச்சிருக்கே. இடதுலட்டி! கர்த்தர் அந்த ஒரு காதத் தொறந்து வச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழம இங்க தமிழ்ச் சபையில சாட்சி சொல்லப்போறேன். நம்ம சேனல்லயும் லைவ் உண்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏட்டி லீலா, ஒனக்கு ஓர்மையில்லியா? அந்த மேனேஜரு சந்தாதாரருட்டி! இடது காதப் பத்தி நீ வாயத் தொறந்தா, மிச்சம் இருக்கது கோல்பும் பொணமும் தாண்டி!"

"அதயும் கொண்டு போயிருவாவளா?" என்றாள் மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் முருகதாஸ் என் வீட்டுக்கே வந்துவிட்டான். அவன் போனில்தான் படம் பெரிதாகத் தெரியும். சேனலைத் திறந்தோம். பார்க்கிறவர்களின் வரிசையில், ‘ஆனந்தபத்மநாபன் இணைந்துள்ளார்’ என்று வந்தது. முருகதாஸ் நெற்றியைத் துடைத்தான்.

லீலாபாய் எழுந்தாள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் மைக். தலையில் சேலைத் தலைப்பு. வாயைத் திறந்தாள். மைக் பிடித்த கை தானாக இடது காதுப் பக்கம் போனது. நான், "வேண்டாம்ட்டி" என்று போனைப் பார்த்துச் சொன்னேன். அவள் குழந்தையைப் பார்த்தாள். போன கை இறங்கியது.

"எம் பிள்ளைக்குப் பிள்ள பொறந்திருக்கு. பெத்தவளும் சொகம், பொறந்ததும் சொகம்" என்றாள். "எனக்கு ஒரு நாளும் ஒண்ணும் கொறவில்ல. தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதிலேயே சின்னச் சாட்சி. ஒரு வாசகமும் கூடிப்போகாத சாட்சி. முருகதாஸ் மூச்சை விட்டான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப்போனேன்.

அப்போது போனிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. வறுத்த பயறு குலுங்கும் சத்தம்.

சத்தியநேசன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மனைவி கையிலிருந்து மைக்கை வாங்கினார். பேத்தியைப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. இந்தத் தெருவில் நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த மனுஷன் வாயிலிருந்து முழு வாக்கியம் ஒன்று வந்து நான் கேட்டதில்லை.

"எனக்கும் ஒரு சாட்சி உண்டு" என்றார்.

"மாமா..." என்றான் முருகதாஸ்.

"இந்தப் பிள்ளையப் பாக்கதுக்காவத்தான் என்ன இவ்வளவு காலம் வச்சிருந்தாரு. எனக்குச் சுகரு உண்டு, காலங்காலமா. பிரஷரு உண்டு. நெஞ்சில ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு." சட்டைப்பையில் கைவிட்டு, மாத்திரை அட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக் காமிராவுக்கு நேராகப் பிடித்தார். "இது காலையில. இது ராத்திரி..."

"மாமா, மைக்கக் குடுங்க மாமா! ‘ம்’ன்னு சொல்லுங்க மாமா!" முருகதாஸ் போனைப் பிடித்து உலுக்கினான். ஜெர்மனிக்கு அது எட்டவில்லை. வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்திருந்ததை அவர் ஒரு சொட்டு விடாமல் சொன்னார். அவ்வளவும் நிஜம். சபையே அழுதது. படத்துக்குக் கீழே ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். ஆமென், ஆமென், தோத்திரம், ஆமென். அதற்குக் கீழே ஆனந்தபத்மநாபன்: ‘ஆமென். பாலிசி எண்?’

முருகதாஸ் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முகமெல்லாம் வியர்வை.

"அடைக்கியது மாதிரி இருக்கு மாமி."

"ஆஸ்பத்திரிக்குப் போவோமாலே? நீ எந்தப் பாலிசி வச்சிருக்க? டைமண்டா?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"அதையெல்லாம் நம்பி ஆராவது எடுப்பாவளா மாமி? கொஞ்சம் சுக்குத் தண்ணி இருந்தாத் தாங்க."

வைத்துக் கொடுத்தேன். குடித்தான், பெரிதாக ஓர் ஏப்பம் விட்டான், எழுந்து கடையைத் திறக்கப் போனான்.